என் மூஞ்சியை வைத்து கிட்டார் வாசித்த டிங் அண்ணன்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் பிளாஸ்டிக்கால் செய்த எந்தப் பொருளும் டிங் அண்ணன் கண்ணில் பட்ட பிறகு முழுசாகத் தப்பியதில்லை. தண்ணீர் கேன் மூடி, ஐஸ்கிரீம் டப்பா, பழைய எக்ஸ்ரே, காலாவதியான ஏடிஎம் கார்டு, எங்கள் வீட்டுக்கார ஓமனா சேச்சியின் குளியலறைக் கப்பு என்று எல்லாவற்றிலும் ஒரு மூலை காணாமல் போயிருக்கும். போன இடத்தில் சின்ன முக்கோணமாக, முனை கொஞ்சம் மழுங்கினாற்போல ஓர் ஓட்டை இருக்கும். எலி இவ்வளவு அழகாகக் கடிக்காது.

அந்த முக்கோணத்துக்குப் பெயர் பிக். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கிட்டார் கம்பியைத் தட்டுவார்களே, அது. உலகத்தில் மற்றவர்கள் கிட்டார் வாசிப்பதற்காக பிக் வாங்குகிறார்கள். எங்கள் அண்ணன் பிக்கைச் சோதிப்பதற்காக ஒரு கிட்டார் வைத்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி கொடுத்த ஐடி கார்டில் இருந்தது. அதையும் அவர் வெட்டிவிட்டதால் எல்லோருக்கும் டிங் அண்ணன்தான். எதைக் கண்டாலும் விரல் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். அவர் கணக்கில் உலகத்துப் பொருள்கள் இரண்டே ஜாதி. ஒன்று டிங். மற்றது டப்பு.

நான் அவரை முதலில் பார்த்தது என் கடையில்தான். என் கடை என்றால் நான் சம்பளத்துக்கு நிற்கும் கடை. நான் மார்த்தாண்டத்துக்காரன். பிளஸ் டூவில் எனக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். அதன் பிறகு கழக்கூட்டம் ஹைவே ஓரத்தில் போன் கவர் விற்க வந்தேன். ஒருநாள் மத்தியானம் நெட்டையாக ஒருவர் வந்து, தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, வளைத்து, சுண்டி, காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது போன் கவராக்கும். காதுல வைக்கது போன."

"சும்மா இரிடே." ஒரு கவரைச் சுண்டினார். "டப்பு." இன்னொன்று. "இதும் டப்பு." மூன்றாவதைச் சுண்டியதும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "டிங்! பாத்தியா? கேட்டியால்ல?"

"கேட்டேன் அண்ணே. எந்த மாடல் போனு?"

"போனா? எனக்கு பட்டன் போனுல்லா."

அந்தக் கவரை வாங்கினார். அங்கேயே, என் கண் முன்னாலேயே, பாக்கெட்டிலிருந்து நகவெட்டியை எடுத்து அதன் மூலையை வெட்டிக்கொண்டு மீதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இத நீயே வச்சுக்க மக்கா" என்றார், ஏதோ தானம் செய்கிற மாதிரி.

அவர் சுங்கான்கடைக்காரர் என்றும், ஐடி பார்க்கில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் ஏசி மெக்கானிக் என்றும், ஓமனா சேச்சி வீட்டு மாடியில் இருக்கிறார் என்றும், பக்கத்து அறை காலி என்றும் அதே மூச்சில் சொன்னார். நான் அறை தேடிக்கொண்டிருந்த நேரம். போய்ச் சேர்ந்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை மட்டுமே இருந்தது. அதன் வழியாக அடுத்த இரண்டு வருடம் நான் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால், டிங், டிங், டப்பு, "சே", மறுபடி டிங்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அண்ணே, நீங்க பாட்டு எப்பம் வாசிப்பீங்க?"

"பிக் செரியாவட்டும்."

"பிக்குல என்ன அண்ணே இருக்கு? நல்ல கிட்டார் ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா கிளாசுக்குப் போங்க."

அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பிரசங்கம் செய்யப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"கேளு மக்கா. எனக்க கிட்டார மாத்தப் பைசா இல்ல. எனக்க கைய மாத்த வழி இல்ல. மாத்தக்கூடியது இந்தப் பிக் மட்டும்தான். அதயும் நா ஏனோதானோன்னு எடுத்தா, பொறவு எனக்கு என்னதான்டே மிச்சம்?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கட்டிலில் கிடந்த ஒரு பிக்கை எடுத்து நானும் சுண்டிப் பார்த்தேன். டப்பு.

பிக்கை மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும் என்பார். முதலில் சத்தம். மெல்லிசாக இருந்தால் வளைந்து கொடுக்கும், எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சில் வாசிக்கச் சுகம், ஆனால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சலசலக்கும். தடித்தது ஒவ்வொரு கம்பியையும் தனியாக எடுத்துக் காட்டும், ஆனால் கை முரட்டுக் கையானால் விறகு பிளக்கிற சத்தம் வரும். இரண்டாவது பிடி. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் விரல் வேர்த்து பிக் வழுக்கும். அதனால் பிடியைச் சோதிக்க அண்ணன் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். பொரோட்டாவும் பீஃபும் சாப்பிட்டு, கை கழுவாமல், குழம்பு விரலோடு பிக்கைப் பிடித்து ஒரு பாட்டு நேரம் முழுக்கத் தட்டுவார். வழுக்கவில்லை என்றால் பாஸ். அந்தக் கிட்டாரைத் தேடி எறும்பு வரும். வேறு யார் கிட்டாருக்கும் எறும்பு ரசிகர்கள் கிடையாது.

மூன்றாவது விலை. "வெல கொறஞ்சா மட்டும் போராது, சட்டுன்னு தேயவும் கூடாது" என்பார். இதற்காகவே மாதம் ஒருமுறை பஸ் பிடித்துக் கிழக்கேகோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு மியூசிக் கடைக்குப் போவார். ஒருதரம் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அண்ணன் படியேறுவதைப் பார்த்ததும் கடைச் சேட்டன் முகம், பரீட்சை பேப்பரைப் பார்த்த என் முகம் மாதிரி ஆனது.

கண்ணாடிப் பெட்டியில் இருந்த எல்லா பிக்கையும் வெளியே எடுக்கச் சொன்னார். நைலான், ரப்பர் பிடி வைத்தது, ஆமை ஓடு மாதிரி புள்ளி போட்டது, புளியங்கொட்டை அளவில் ஒன்று, தகடு ஒன்று. கடையில் தொங்கின கிட்டாரைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாலும் கிறிஸ்துமஸுக்குப் பாடும் மேய்ப்பர் பாட்டின் அதே நான்கு வரியைத் தட்டினார். இடையில் கரண்ட் போய் வந்தது. மழை பெய்து நின்றது. கடையில் வேலை செய்கிற பெண் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில் அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய பிக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"சேட்டா, இது போன மாசம் இவிடெ வாங்கினது. மொன தேஞ்சு போச்சு. மாத்தித் தரணும்."

சேட்டன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் பொறுமையாக, "இது பிக்காணு சேட்டா, டயரல்ல" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அண்ணனுக்குச் சிரிப்பில்லாத ஒரு விஷயமும் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை.

ஹைவேயைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் தமிழ்ச் சபை இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தான் முக்கால்வாசி. அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு பேங்க் ஆபீசர். அவரைக் கீபோர்டு சார் என்போம். அவர் கீபோர்டில் இல்லாத வாத்தியம் கிடையாது. வயலின் உண்டு, புல்லாங்குழல் உண்டு, தபேலா உண்டு, கிட்டாரும் உண்டு. கைதட்டல் சத்தத்துக்குக்கூட ஒரு பட்டன் உண்டு. ஆனால் அதை அவர் தொட்டதே இல்லை. எங்கள் சபையில் பாட்டுக்குக் கைதட்டும் வழக்கம் கிடையாது. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் முடிந்ததும் கம்மென்று இருக்கும், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அதுதான் மரியாதை.

அந்தக் குழுவின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், மைக் இல்லாமல் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிற ஆள் டிங் அண்ணன். வாசிக்கிறார் என்பது அவர் கை ஆடுவதை வைத்துத்தான் தெரியும். அவர் கிட்டாரைச் சபையில் யாரும் காதால் கேட்டதில்லை. அண்ணனுக்கு அந்த ஊரில் சொந்த வீடில்லை, கல்யாணம் ஆகவில்லை, நண்பன் என்றால் என்னைப் போல ஓர் அரைவேக்காடு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூணோரத்து ஸ்டூல் ஒன்றுதான் அவருக்கென்று இருந்த இடம். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டுவிடுவார்.

நவம்பர் கடைசியில் ஒரு பயிற்சியின்போது கீபோர்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாத. ஸ்டேஜ்ல எடம் இல்ல. கிட்டார் சவுண்டு இதுலயே இருக்கு. ஒன் கிட்டார் இருந்தாலும் இல்லைன்னாலும் டிஃபரன்ஸ் தெரியல்ல. ஜனவரில இருந்து கீபோர்டு மட்டும் போதும்னு கமிட்டில பேசியாச்சு."

அண்ணன் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைச் சுண்டினார். டப்பு.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நான் பாடகர் குழுவில் இல்லை, நாற்காலி எடுத்துப் போடுகிற குழுவில் இருக்கிறேன். இருந்தாலும் சொன்னேன். "சாரே, ஒரே ஒருக்க மைக் வச்சுக் கேட்டுப் பாருங்க. பொறவு வெட்டுங்க. தூக்குத் தண்டனக்காரன்கிட்ட கூட கடைசி ஆச கேப்பாவ."

சார் என்னை முறைத்தார். ஆனாலும் நியாயமான மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி. கிறிஸ்துமஸ் புரோகிராம்ல மேய்ப்பர் பாட்டுக்கு முன்னால நாலு வரி தனியா கிட்டார். மைக் தாரேன். கேட்டுன்னா நீ இரு. கேக்கலன்னா நா கீபோர்டுல கிட்டார் சவுண்ட அமுத்திருவேன், அதோட முடிஞ்சு" என்றார்.

நான்கு வரி. அதே நான்கு வரிதான், கடையில் ஆயிரம் தடவை தட்டினாரே, அது. வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுப்பான். அண்ணன் வீட்டுக்குப் போய் பிக் வெட்ட ஆரம்பித்தார்.

முதல் ஒத்திகைக்கு மெல்லிய நைலான் பிக்கோடு போனார். மைக் வைத்தும் கிசுகிசு என்று கேட்டது. "தம்பி, ரகசியம் பேசாத" என்றார் சார். இரண்டாவது ஒத்திகைக்குத் தகடு பிக். முதல் தட்டிலேயே பின்வரிசையில் இருந்த அம்மாமார் காதைப் பொத்தினார்கள், இரண்டாவது தட்டில் கம்பி அறுந்து அண்ணன் கன்னத்தைக் கீறியது. "மிக்ஸில ஸ்பூன் விழுந்த மாதிரில்லா இருக்கு" என்றார் சார்.

மூன்றாவது ஒத்திகையில் நடந்ததுதான் சரித்திரம். ஓமனா சேச்சி கப்பில் வெட்டிய பிக், இரண்டாவது வரியில் கை வேர்த்து நழுவி, கிட்டாரின் நடு ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. வெளியே எடுக்க ஒரே வழிதான். கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். அண்ணன் குலுக்கினார். ஒரு பிக் விழுந்தது. அது அது இல்லை. மறுபடி குலுக்கினார். ஐஸ்கிரீம் டப்பா பிக் விழுந்தது. எக்ஸ்ரே பிக் விழுந்தது, யாரோ ஒருவருடைய விலா எலும்போடு. சட்டைப் பொத்தான், தலைவலி மாத்திரை, ஒரு செத்த பல்லி. பாடகர் குழுவே வரிசையை விட்டு வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியாக நீலக் கலரில் கப்பு பிக் விழுந்தபோது யாரோ "ஆமென்" என்றார்கள்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே வாரம்" என்றார்.

அந்த வாரம்தான் ஐடி கார்டு சம்பவம். கம்பெனியில் புதுக் கார்டு கொடுத்திருந்தார்கள். பழையது செல்லாது. அண்ணன் பழையதை வெட்டலாம் என்று எடுத்துச் சுண்டினார். டப்பு. புதியதைச் சுண்டினார். டிங். அப்புறம் என்ன நடக்கும்? மறுநாள் காலை கேட்டில் நின்று, கார்டு காட்ட வேண்டிய மெஷினில் ஒரு முக்கோணத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி சேட்டன் வந்து, "எந்தா சேட்டா இது?" என்று கேட்டார். "கார்டாக்கும், கொஞ்சம் சின்னதாயிட்டு" என்று அண்ணன் சொன்னாராம். அவரை உள்ளே விட மத்தியானம் ஆனது. அதுவரை ஒரு மாடி முழுக்க ஏசி ஓடாமல், டை கட்டினவர்களெல்லாம் ஃபைலால் விசிறிக்கொண்டு இருந்தார்களாம். இவ்வளவுக்குப் பிறகும் அந்த பிக் பொரோட்டாச் சோதனையில் ஃபெயில்.

புரோகிராமுக்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் கட்டில் முழுக்க பிக் பரப்பி வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்திருந்தது.

"ஒண்ணும் செரியில்லடே. எல்லாம் டப்பு."

"அண்ணே, பிக்க விடுங்க. அந்த நாலு வரிய ஒருக்க வாசிங்க. நா கேக்கேன்."

"பிக் இல்லாம எப்பிடில வாசிக்க?"

எனக்குக் கடுப்பு. சட்டைப் பையில் இருந்த என் ஆதார் கார்டை எடுத்துக் கட்டிலில் எறிந்தேன். புது சிம் எடுக்கக் கொண்டுபோயிருந்தது. "இந்தா, இது ஒண்ணுதான் பாக்கி. இதயும் வெட்டுங்க!" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

கிண்டலாகச் சொன்னேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் அது கிண்டல் என்று தெரியும். நான் தலை துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அண்ணன் முகம் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"மக்கா! டிங்! அசல் டிங்! இத்தன நாளா ஒனக்க பாக்கெட்டுலயா வச்சிருந்த?"

கட்டிலில் என் ஆதார் கார்டு கிடந்தது. என் பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. என் முகம் இருந்த இடத்தில் முக்கோணமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக அண்ணனுடைய போர்வை தெரிந்தது.

"அண்ணே! என்ன அண்ணே செஞ்சீங்க?"

"நீதானல வெட்டச் சொன்ன?"

"அது சும்மா சொன்னதுல்லா! வெட்டினதுதான் வெட்டினீங்க, ஓரத்துல வெட்டப்படாதா? எனக்க மூஞ்சிதான் கெடச்சுதா?"

"ஓரத்துல சுண்டிப் பாத்தேன், டப்பு. ஒனக்க மூஞ்சி உள்ள எடம்தான் டிங்" என்றார். என் மூஞ்சியைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

பிக்கை வாங்கிப் பார்த்தேன். உங்கள் ஆதார் போட்டோ எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என்னுடையது அதைவிட மோசம். கோழி திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன், கோழி இன்னும் வாய்க்குள் இருக்கும்போது எடுத்த போட்டோ மாதிரி இருக்கும். அந்த முகம் முக்கோணத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தாடை முனைப் பக்கம், இரண்டு காதும் இரண்டு மூலையில்.

மறுநாள் சாயங்காலம் சபை நிறைந்துவிட்டது. நான் போட்ட நாற்காலிகளே போதாமல் ஜன்னலோரம் ஆள்கள் நின்றார்கள். வாசலில் நட்சத்திர விளக்கு. டிசம்பர் என்று பெயர்தான், புழுக்கம் சித்திரை மாதிரி. நான் முன்வரிசை ஓரத்தில், கீபோர்டு நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒண்டிக்கொண்டேன். நான் பார்க்க வேண்டியது அண்ணன் கையை அல்ல, சாருடைய விரலை. கிட்டார் சத்தம் போடுகிற பட்டன் மேல் அவர் ஆட்காட்டி விரல் தயாராக நின்றது. அது கீழே இறங்கினால் அண்ணனுடைய ஸ்டூல் போச்சு.

அண்ணன் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. பிக் போட்டு வைக்கிற பவுடர் டப்பாவைத் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார், டப்பா கிலுகிலுவென்று ஆடியதை மைக் பிடித்து சபை முழுக்கக் கொடுத்தது. அவர் கிட்டாரை விடச் சத்தமாக எல்லோரும் கேட்டது அந்த டப்பாவைத்தான். பின்னால் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சாருடைய விரல் பட்டனில் உட்கார்ந்தேவிட்டது. இன்னும் அமுத்தவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் என் மூஞ்சியை எடுத்தார். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று திருப்பிப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐயோ, அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை. சிரிக்கிறார். சத்தம் வராமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அந்தக் கோழித் திருடனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சிரிப்போடு சிரிப்பாகக் கையை இறக்கி வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வரி வந்தது. நான் பிளைவுட் பலகை வழியாக இரண்டு வருடம் கேட்ட அதே வரிதான். ஆனால் அதை இதற்கு முன் கேட்டதில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு சத்தமும் தனியாக வந்து உட்கார்ந்து, அடுத்தது வரும்வரை காத்திருந்தது. ஜன்னலோரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது வரியில் ஓரிடத்தில் விரல் பிசகியது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அண்ணனுக்கே தெரியவில்லை, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான்காவது வரி முடிந்தபோது சாருடைய விரலைப் பார்த்தேன். விரல் பட்டனில் இல்லை. கை மடியில் இருந்தது. பாடகர் குழு பாட ஆரம்பித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடவில்லை.

பாட்டு முடிந்தது. வழக்கம்போல கம்மென்று இருந்தது. ஃபேன் சுற்றியது. அண்ணன் தலையைக் குனிந்து கிட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஸ்பீக்கரிலிருந்து படபடபடவென்று ஒரு கைதட்டல். ஒரு பெரிய மைதானமே எழுந்து நின்று தட்டுகிற மாதிரி. முன்வரிசைத் தாத்தா ஒருவர் திடுக்கிட்டுப் பாட்டுப்புத்தகத்தைக் கீழே போட்டார். போதகர் திரும்பிப் பார்த்தார். கீபோர்டு சார் சட்டென்று பட்டனை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸாரி ஐயா. கை தவறிப் பட்டுட்டு."

அவர் கை தவறி எதையும் தொட்டு அந்தச் சபையில் யாரும் பார்த்ததில்லை.

கேக் கொடுக்கிற இடத்தில் சார் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த ஞாயிறு சீக்கிரம் வா. மைக் செட் பண்ணணும்" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, "அந்த டப்பாவ மட்டும் கொண்டு வராத" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன். "அண்ணே, கடைசில பாத்தீங்களா, பிக்குதான் காரியம். டோன் எப்பிடி இருந்து?"

அண்ணன் நின்றுவிட்டார். நிஜமாகவே யோசித்தார். "டோனா? கேக்கவே இல்லடே. ஒனக்க மூஞ்சியப் பாத்தேன், சிரிப்பு வந்துட்டு. பேடி பயம் எல்லாம் போயிட்டு. பொறவு வாசிச்சேன், முடிஞ்சு போச்சு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அடுத்த வாரம் செரியா கேட்டுச் சொல்லுகேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஓமனா சேச்சி மாடியேறி வந்தார். வாடகைக்கு இருப்பவர்களின் ஆதாரைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமாம். நான் கார்டைக் கொடுத்தேன். சேச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக என்னையே பார்த்தார்.

"மோனே, இதில் முகம் எவிடெ?"

"முகம் சர்ச்சுல பாட்டு வாசிக்கப் போயிருக்கு சேச்சி."

சேச்சி ஓட்டையின் வடிவத்தை விரலால் தடவிப் பார்த்தார். குளியலறைப் பக்கம் திரும்பிக் கப்பைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. "ஈ வீட்டில் இனி ஸ்டீல் மதி", ஸ்டீலே போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாளே ஸ்டீல் கப்பு வந்தது. அண்ணன் அதையும் ஆசையாகச் சுண்டிப் பார்த்தார். டிங். ஆனால் நகவெட்டிக்கு மசியவில்லை.

இப்போது அண்ணன் கழக்கூட்டத்தில் இல்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்ததில், குளிர்பதனக் கண்டெய்னர்களுக்கு மெக்கானிக் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே எல்லாம் இரும்பு, பிளாஸ்டிக் குறைவு என்பது அவருக்கு ஒரு மனக்குறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பஸ் மாறி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சபைக்கு வந்துவிடுவார். ஸ்டூல் தூணோரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. அவர் அறையில் இப்போது வேறொரு பையன். தூங்கும்போதுகூடச் சத்தம் போடாத பிள்ளை. என்னால் தூங்க முடியவில்லை.

போன மாதம் வந்தபோது அண்ணன் அந்த பிக்கை என் கையில் வைத்தார். வலது காது முழுசாகத் தேய்ந்துபோயிருந்தது. தாடை இல்லை. மூக்கு நுனியில் வேலை நடந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் இன்னும் அதே திருட்டு முழியோடு இருந்தன.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மக்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒனக்க மூஞ்சி போயிட்டுன்னா நா எதப் பாத்துல வாசிப்பேன்?"

"அப்பமாவது பாட்டப் பாத்து வாசிங்க அண்ணே" என்று சொல்லி ஓட்டினேன்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆதார் சென்டருக்குப் போனேன். இன்னொரு கார்டு வேண்டும் என்றேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த சேச்சி திரையில் என் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு நல்ல மனசோடு, "இது வல்லாத்த பழைய போட்டோ ஆணல்லோ. இவிடெ இரி, நல்லது ஒண்ணு புதுசா எடுக்கலாம்" என்று கேமராவை என் பக்கம் திருப்பினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேண்டாம் சேச்சி. பழசே இருக்கட்டும். அதுக்கு ஞாயித்துக்கிழம ஒரு ஜோலி உண்டு."